ஒருனோதோய்

ஒருனோதோய் என்பது அசாமிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் ஆகும். வடகிழக்கு இந்தியாவின் முதல் இதழாகவும் இது கருதப்படுகிறது. அமெரிக்க பாப்டிஸ்ட் மறைப்பணியாளர்கள் இதனை 1846 ஆம் ஆண்டு சனவரி மாதம் சிப்சாகர் (இன்றைய சிவசாகர்) நகரில் தொடங்கினர். 1880 வாக்கில் இவ்விதழ் நின்றது. "சமயம், அறிவியல், பொதுச்செய்தி ஆகியவற்றுக்கான மாத இதழ்" என்னும் பொருள்படும் ஆங்கிலத் துணைத்தலைப்பை இது தாங்கி வந்தது.

கிறித்தவ சமயத்தைப் பரப்பும் நோக்கில் தொடங்கப்பட்டபோதும், பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் அந்நோக்கம் பெரிய அளவில் நிறைவேறவில்லை. ஆனால், அரசு அலுவல்களிலும் பள்ளிகளிலும் வங்காள மொழி மட்டுமே இடம்பெற்றிருந்த காலத்தில், அசாமிய மொழியில் செய்தி, அறிவியல், வரலாறு, கட்டுரை என அனைத்தையும் எழுத முடியும் என்பதை மாதந்தோறும் அச்சில் மெய்ப்பித்த இதழ் என்ற வகையில் இது அசாமிய மொழி வரலாற்றில் நீங்கா இடம் பெற்றுள்ளது. அசாமிய இலக்கிய வரலாற்றில் இக்காலப்பகுதி "ஒருனோதோய் காலம்" என்றே வழங்கப்படுகிறது.

பெயர்

இதழின் பெயர் "அருணோதயம்" என்ற வடமொழிச் சொல்லின் அசாமிய ஒலிப்பு வடிவமாகும். விடியற்காலை, கதிரவனின் செம்மை தோன்றும் நேரம் என்பது இதன் பொருள். வடமொழி மரபுப்படி எழுதினால் இப்பெயரில் நாவளை "ண" இடம்பெற வேண்டும். ஈற்றில் யகரம் வரவேண்டும். ஆனால் இதழின் முகப்பில் "ண"வுக்கு மாறாகப் பல் "ந" எழுத்தும், யகரத்துக்கு மாறாக இகர உயிரும் இடப்பட்டன. அசாமியர் அச்சொல்லை எவ்வாறு ஒலித்தனரோ அவ்வாறே எழுதவேண்டும் என்ற முதல் ஆசிரியரின் கொள்கையே இதற்குக் காரணம். இக்கொள்கை பின்னாளில் பெரும் கருத்து வேறுபாட்டுக்கு வழிவகுத்தது (கீழே எழுத்துக்கூட்டல் பகுதியைப் பார்க்க).

பின்னணி

அசாமில் மொழிச் சிக்கல்

அசாமை ஏறத்தாழ 600 ஆண்டுகள் ஆண்ட அகோம் அரசு, உள்நாட்டுக் கலகங்களாலும் பர்மியப் படையெடுப்புகளாலும் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நலிவுற்றது. முதலாம் ஆங்கிலேய-பர்மியப் போரின் முடிவில் 1826 ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று ஏற்பட்ட யாண்டபோ உடன்படிக்கையின்படி அசாம் மீதான உரிமையைப் பர்மா கைவிட்டது. கிழக்கிந்திய நிறுவனம் அசாமை வங்காள மாகாணத்துடன் இணைத்து ஆளத் தொடங்கியது.

அகோம் அரசவையில் அசாமிய மொழியில் உரைநடை வரலாற்று நூல்கள் எழுதும் மரபு இருந்தது. இவை "புரஞ்சி" எனப்படும். வைணவ சத்திரங்களில் செய்யுள் நூல்களும் நாடகங்களும் ஏட்டுச்சுவடிகளாகப் போற்றப்பட்டு வந்தன. ஆயினும் புதிய ஆட்சியாளர்கள் வங்காளத்திலிருந்து அலுவலர்களையும் எழுத்தர்களையும் கொண்டுவந்தனர். 1836 ஆம் ஆண்டு வங்காள மொழி அசாமின் நீதிமன்ற மொழியாக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அதுவே பயிற்று மொழியாயிற்று. அசாமிய மொழி வங்காளத்தின் ஒரு வட்டார வழக்கே என்ற கருத்து அதிகாரிகள் பலரிடம் நிலவியது. 1839 இல் அசாமிய இலக்கண நூலொன்றை எழுதிய வில்லியம் இராபின்சன்கூட, பின்னாளில் பள்ளி ஆய்வாளராக இருந்தபோது வங்காளத்தையே ஆதரித்தார்.

பாப்டிஸ்ட் பணிக்களத்தின் வருகை

பாப்டிஸ்ட் என்பது, குழந்தைகளுக்கு அன்றி, தம் நம்பிக்கையைத் தாமே அறிக்கையிடுவோருக்கு மட்டும் நீரில் மூழ்கச்செய்து திருமுழுக்கு வழங்கும் சீர்திருத்தத் திருச்சபைப் பிரிவு ஆகும். ஒவ்வொருவரும் திருமறையைத் தம் தாய்மொழியில் படிக்கவேண்டும் என்பதில் இப்பிரிவினர் உறுதியாக இருந்தனர். எனவே அவர்கள் சென்ற இடங்களில் அச்சகமும் உடன் சென்றது. வங்காளத்தின் செராம்பூரில் வில்லியம் கேரி தலைமையிலான ஆங்கிலேய பாப்டிஸ்ட் குழுவினர் பல இந்திய மொழிகளில் வேதாகமத்தை அச்சிட்டனர். ஆத்மாராம் சர்மா என்ற அறிஞரின் துணையுடன் அசாமிய மொழிபெயர்ப்பும் அங்கேதான் முதலில் அச்சேறியது.

அசாமின் ஆணையராக இருந்த பிரான்சிஸ் ஜென்கின்ஸ், எல்லைப்புற மக்களிடையே பணியாற்ற மறைப்பணியாளர்களை வரவேற்றார், பொருளுதவியும் அளித்தார். பர்மாவில் பணியாற்றிக்கொண்டிருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் குழுவினர் இவ்வழைப்பை ஏற்றனர். சான் இன மக்களையும், அவர்கள் வழியாகச் சீனாவையும் அசாம் வழியே சென்றடையலாம் என்பது அவர்களின் எண்ணம். நேதன் பிரவுன், அச்சர் ஆலிவர் கட்டர் ஆகிய இருவரும் தம் குடும்பத்தினருடனும் அச்சுப்பொறியுடனும் கல்கத்தாவிலிருந்து படகில் புறப்பட்டு, பிரம்மபுத்திரா ஆற்றில் நான்கு மாத அளவு பயணம் செய்து, 1836 ஆம் ஆண்டு மார்ச்சு 23 அன்று அசாமின் கிழக்கு எல்லையில் உள்ள சதியாவை அடைந்தனர். வங்காளம் நீதிமன்ற மொழியாக்கப்பட்டதும் இதே ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

1837 இல் மைல்ஸ் பிரான்சன் இக்குழுவில் சேர்ந்தார். அவருடன் வந்த ஜேக்கப் தாமஸ், சதியாவை நெருங்கும் வேளையில் ஆற்றங்கரை மரம் ஒன்று படகின்மீது சாய்ந்து உயிரிழந்தார். 1839 சனவரியில் காம்தி இனத்தவர் சதியாவில் இருந்த பிரித்தானியப் பாசறையைத் தாக்கினர். அதில் கர்னல் ஆடம் ஒயிட் கொல்லப்பட்டார். குடியிருப்பு சிதறியதால் மறைப்பணியாளர்கள் மேல் அசாமில் உள்ள ஜெய்ப்பூர் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தனர். அங்கிருந்து பிரவுன் சிப்சாகருக்கும், பிரான்சன் நகாவோனுக்கும் சென்றனர். சற்றுப் பின்னர் சைரஸ் பார்க்கர் குவகாத்தியில் பணியைத் தொடங்கினார். அச்சகம் 1840களின் தொடக்கத்தில் சிப்சாகருக்கு மாற்றப்பட்டது.

சிப்சாகர் பழைய அகோம் தலைநகரான இரங்கப்பூருக்கு அருகில், திகௌ ஆற்றங்கரையில் அமைந்த ஊர். பழைய அரசு அலுவலர் குடும்பங்களும், புரஞ்சி மரபில் பயின்றவர்களும் அங்கு வாழ்ந்தனர். சான் மக்களையும் சீனாவையும் நோக்கி வந்தவர்கள், இவ்வாறு அசாமிய மொழியின் நடுவில் நிலைகொண்டனர்.

இதழின் தொடக்கம்

இதழ் தொடங்குவதற்கு முன்பே அச்சகம் சில நூல்களை வெளியிட்டிருந்தது. தொடக்கத்தில் உரோமன் எழுத்துகளில் அச்சிட்டுப் பார்த்த மறைப்பணியாளர்கள், பின்னர் அதனைக் கைவிட்டு அசாமிய எழுத்துகளுக்கு மாறினர். பணியாளர்களின் மனைவியரும் நூல்கள் எழுதினர். ஆரியட் கட்டரின் ஆங்கில-அசாமியச் சொற்றொகுதி 1840 இல் ஜெய்ப்பூரில் அச்சானது. எலிசா பிரவுன் பள்ளிச் சிறுவர்க்கான கணித நூலை எழுதினார். 1844 இல் காசிநாத் தாமுலி புக்கன் எழுதிய அசாம் வரலாற்று நூல் சிப்சாகரில் அச்சிடப்பட்டது. ஏட்டில் மட்டுமே இருந்துவந்த புரஞ்சி மரபு இதன்மூலம் அச்சுக்கு வந்தது.

1846 சனவரியில் ஒருனோதோய் முதல் இதழ் வெளிவந்தது. நேதன் பிரவுன் ஆசிரியராகவும், ஆலிவர் கட்டர் அச்சிட்டு வெளியிடுபவராகவும் இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்காவில் அடிமைமுறை குறித்த கருத்து வேறுபாட்டால் பாப்டிஸ்டுகள் வடக்கு, தெற்கு எனப் பிரிந்திருந்தனர். வடபகுதியினர் 1846 இல் "அமெரிக்க பாப்டிஸ்ட் மறைப்பணி ஒன்றியம்" என்ற பெயரில் அமைந்தனர். அசாம் பணிக்களம் இவ்வொன்றியத்தின் கீழ் வந்தது. பிரவுன் அடிமை ஒழிப்புக் கொள்கையில் உறுதியானவர்.

அச்சுக்கோத்தல், மெய்ப்புப் பார்த்தல், மரக்கட்டையில் படம் செதுக்குதல் ஆகிய வேலைகளை உள்ளூர் இளைஞர்கள் கற்றுக்கொண்டனர். செய்திகளுடன் மரச்செதுக்குப் படங்களும் இதழில் இடம்பெற்றன. படத்துடன் கூடிய அச்சுத் தாளை அசாமிய வாசகர் கண்டது இதுவே முதன்முறை எனலாம்.

உள்ளடக்கம்

ஒருனோதோயின் உள்ளடக்கத்தைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

சமயம்: திருமறைப் பகுதிகள், மறைப்பணிச் செய்திகள், உருவ வழிபாட்டை மறுக்கும் கட்டுரைகள் ஆகியன இடம்பெற்றன. ஜான் பன்யன் எழுதிய புகழ்பெற்ற ஆங்கில உருவகக் கதை, "ஜாத்ரிகோர் ஜாத்ரா" (பயணியின் பயணம்) என்ற பெயரில் அசாமிய மொழியில் தொடராக வந்தது.

அறிவியல்: வானியல், புவியியல், உயிரினங்கள், நீராவிப் பொறி, தொடர்வண்டி, தந்தி முதலியவை எளிய உரைநடையில் விளக்கப்பட்டன. இவற்றுக்குரிய சொற்கள் அசாமிய மொழியில் அதுவரை இருக்கவில்லை. எனவே ஒவ்வொரு கட்டுரையும் சொல்லாக்க முயற்சியாகவும் அமைந்தது.

செய்தி: அசாம், இந்தியா, பிற நாடுகள் எனப் பிரித்துச் செய்திகள் தரப்பட்டன. சிப்சாகரில் இருந்த வாசகர் ஒருவர் ஐரோப்பியப் போர்களையும் சீனக் கலகங்களையும் தம் மொழியிலேயே அறிந்துகொள்ள இது வழிசெய்தது.

வரலாறு: அகோம் அரசர்கள், சுதியா அரச மரபு ஆகியன பற்றிய புரஞ்சிப் பகுதிகளும், பழைய நாணயங்கள், கோயில்கள் பற்றிய குறிப்புகளும் வெளியிடப்பட்டன. கையெழுத்துப் படிகளாகச் சிதறிக்கிடந்த பல குறிப்புகள் இதனால் அழியாமல் காக்கப்பட்டன.

சமூகம்: அபினிப் பழக்கத்துக்கு எதிராகவும், பெண்கல்விக்கு ஆதரவாகவும் கட்டுரைகள் வந்தன. அக்காலத்தில் அபினி அசாமியச் சமூகத்தின் எல்லா நிலைகளிலும் பரவியிருந்தது.

ஆட்சியாளர்களை ஒட்டிய பார்வையே இதழில் மேலோங்கியிருந்தது. 1857 கிளர்ச்சியின்போது ஒருனோதோய் பிரித்தானிய அரசின் பக்கமே நின்றது. மணிராம் தேவானும் பியாலி பருவாவும் 1858 பிப்ரவரி 26 அன்று ஜோர்ஹாட்டில் தூக்கிலிடப்பட்டனர். அசாமியர் இன்று விடுதலைப் போராளியாகப் போற்றும் மணிராம் தேவானை இதழ் அவ்வாறு நோக்கவில்லை.

எழுத்துக்கூட்டல்

அசாமிய மொழியும் வங்காளமும் ஏறத்தாழ ஒரே எழுத்து முறையைப் பயன்படுத்துகின்றன. வடமொழியிலிருந்து வந்த சொற்களை இரண்டும் ஒரே வகையில் எழுதினால், தாளில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒலிப்பு மிகவும் வேறுபடுகிறது. அசாமியத்தில் நாவளை ஒலிகளுக்கும் பல் ஒலிகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. தமிழில் "பனி", "பணி" ஆகியவை இருவேறு சொற்கள். அசாமியர் பேச்சில் அத்தகைய வேறுபாட்டுக்கு இடமில்லை. எழுத்தில் உள்ள மூன்று சகர எழுத்துகளும் சொல்லின் முதலில் ஒரே தொண்டை உரசொலியாகவே ஒலிக்கும். இகர, உகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் பேச்சில் இல்லை.

பிரவுன் இதனைக் கருத்தில்கொண்டு, ஒலிக்காத வேறுபாடுகளை எழுத்திலிருந்தும் நீக்கினார். 1848 இல் அவர் வெளியிட்ட அசாமிய இலக்கணக் குறிப்புகளும், அதே ஆண்டு வெளிவந்த அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும், ஒருனோதோயும் இம்முறையையே பின்பற்றின. இதனால் இரு பயன்கள் விளைந்தன. வடமொழி அறியாத பொதுமக்கள் எளிதில் படிக்க முடிந்தது. அத்துடன் அச்சுத்தாளைப் பார்த்த உடனேயே இது வங்காளம் அன்று, வேறொரு மொழி என்பது விளங்கியது.

கற்றறிந்த அசாமியர் பலருக்கு இம்முறை உடன்பாடாக இல்லை. சொற்களின் வேர்கள் மறைந்துபோகும் என்றும், ஒரே ஒலியுடைய வெவ்வேறு சொற்கள் குழம்பும் என்றும் அவர்கள் கருதினர். இவர்களுள் முதன்மையானவர் ஹேமச்சந்திர பருவா. 1867 இல் சிப்சாகரில் அச்சான பிரான்சனின் அசாமிய-ஆங்கில அகராதி ஏறத்தாழ 14,000 சொற்களைக் கொண்டது. ஜதுராம் தேகா பருவா முன்னரே தொகுத்திருந்த சொல் திரட்டை அடிப்படையாகக் கொண்ட இவ்வகராதி ஒலிப்புமுறை எழுத்துக்கூட்டலைப் பின்பற்றியது. ஹேமச்சந்திர பருவா தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1900 இல் வெளிவந்த "ஹேமகோஷ்" அகராதி வடமொழி வேர்ச்சொல் முறையைப் பின்பற்றியது. இறுதியில் நிலைபெற்றது ஹேமகோஷின் முறையே. அசாமிய மொழி தனிமொழி என்பதில் பிரவுனின் கருத்து வென்றது. அதனை எவ்வாறு எழுதுவது என்பதில் தோற்றது.

முதன்மை எழுத்தாளர்கள்

நிதி லெவி ஃபார்வெல்: 1841 ஆம் ஆண்டு சூன் 13 அன்று திருமுழுக்குப் பெற்ற இவர், இப்பணிக்களத்தின் முதல் அசாமியக் கிறித்தவர் ஆவார். அச்சகத்தில் தொழில் பயின்று, பின்னர் இதழில் அறிவியல், ஒழுக்கம், சமயம் எனப் பல பொருள்களில் எழுதினார். அசாமியப் புத்துரைநடையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

ஆனந்தராம் தேகியால் புக்கன் (1829–1859): குவகாத்தியில் பிறந்து, கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் பயின்றவர். அரசு அலுவலராகப் பணியாற்றினார். இவர் கிறித்தவராக மாறவில்லை. 1847 இல் இங்கிலாந்தைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை ஒருனோதோயில் வெளிவந்தது. கல்வியாலும் தொழிலாலும் அசாமும் அந்நிலையை அடையவேண்டும் என்ற ஏக்கம் அதில் வெளிப்படுகிறது. 1849 இல் "அசாமியச் சிறுவர் நண்பன்" எனப் பொருள்படும் பள்ளி நூலை வெளியிட்டார்.

ஹேமச்சந்திர பருவா (1835–1896): அகராதியாளர், இலக்கண ஆசிரியர், இதழாளர். அபினிப் பழக்கத்தைச் சாடும் "கானியார் கீர்த்தன்" என்ற நாடகத்தை 1861 இல் வெளியிட்டார். பின்னாளில் "அசாம் நியூஸ்" இதழின் ஆசிரியராக இருந்தார்.

குணாபிராம் பருவா (1834–1894): வரலாற்றாசிரியர், நாடக ஆசிரியர். கைம்பெண் மறுமணத்தை ஆதரிக்கும் "ராம்-நவமி" நாடகத்தை 1857 இல் எழுதினார். பின்னாளில் "அசாம் பந்து" என்ற இதழை நடத்தினார்.

இவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள் என்பது கவனிக்கத்தக்கது. மறைப்பணியாளர்களின் சமயக் கருத்துகளை ஏற்காதவர்களும் அவர்களின் இதழில் எழுதினர். ஏனெனில் அன்று அசாமிய மொழியில் எழுதுவதற்கு வேறு இதழ் இல்லை.

மொழி உரிமைக் கோரிக்கையில் பங்கு

1853 இல் ஏ. ஜே. மொஃபட் மில்ஸ் என்ற அதிகாரி அசாமின் நிருவாகத்தை ஆய்வுசெய்ய வந்தார். பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் அசாமிய மொழியைப் பயன்படுத்தவேண்டும் என ஆனந்தராம் தேகியால் புக்கன் அவரிடம் விரிவான விண்ணப்பம் அளித்தார். மறைப்பணியாளர்களும் இதனையே வலியுறுத்தினர். வங்காளத்தைப் புகுத்தியது தவறு என்பதை மில்ஸ் தம் 1854 ஆம் ஆண்டு அறிக்கையில் ஏற்றுக்கொண்டார். எனினும் உடனடி மாற்றம் எதுவும் நிகழவில்லை.

1855 இல் ஆனந்தராம் தம் பெயரை வெளியிடாமல் "உள்நாட்டவர் ஒருவர்" என்ற குறிப்புடன், அசாமிய மொழியையும் அசாமின் தாய்மொழிக் கல்வியையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அரசு அலுவலராக இருந்தமையால் அவர் பெயரை மறைத்தார் எனலாம். அந்நூலை அச்சிட்டது ஒருனோதோயை அச்சிட்ட அதே சிப்சாகர் பாப்டிஸ்ட் அச்சகம் ஆகும். அசாமியத்துக்கெனப் பழைய இலக்கியம் இல்லை என்ற வாதத்தை மறுக்கும் வகையில், அசாமிய நூல்களின் பட்டியலை அவர் அதில் தந்திருந்தார். நான்கு ஆண்டுகளில், தம் முப்பதாம் வயதில், அவர் காலமானார்.

ஆனந்தராமுக்குப் பின்னும் இக்கோரிக்கை தொடர்ந்தது. மைல்ஸ் பிரான்சன் (1812–1883) நகாவோன் மக்களுடன் இணைந்து 1872 இல் வங்காளத் துணைநிலை ஆளுநருக்கு விண்ணப்பம் அனுப்பினார். அப்போது அப்பதவியில் இருந்தவர் சர் ஜார்ஜ் காம்பெல். 1873 ஏப்ரலில் அவர் பிறப்பித்த ஆணையின்படி பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கு மாவட்டங்களின் நீதிமன்றங்களிலும் தொடக்கப் பள்ளிகளிலும் அசாமிய மொழி மீண்டும் இடம்பெற்றது. 37 ஆண்டுகள் நீடித்த நிலை இதனால் முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு, 1874 இல், அசாம் வங்காளத்திலிருந்து பிரிக்கப்பட்டு முதன்மை ஆணையர் ஆட்சிப் பகுதியாக்கப்பட்டது.

இவ்விண்ணப்பங்களின் பின்னணியில் ஒருனோதோய் ஆற்றிய பணி நேரடியானதன்று. அசாமியம் எழுத்துமொழியாகப் பயன்படாது என்று எவரேனும் கூறினால், அதற்கு மறுமொழியாகப் பல ஆண்டுக்கால இதழ்த் தொகுதிகளை எடுத்துக்காட்ட முடிந்தது.

தலைமை அமைப்புடன் கருத்து வேறுபாடு

அமெரிக்காவில் இருந்த தலைமை அமைப்பு, அச்சகத்துக்கும் பள்ளிகளுக்கும் செலவிடும் பொருளையும் நேரத்தையும் ஐயத்துடன் நோக்கத் தொடங்கியது. 1853–54 இல் ஆசியப் பணிக்களங்களுக்கு வந்த தூதுக்குழு, வாய்மொழிப் பரப்புரைக்கே முதலிடம் தரவேண்டும் என அறிவுறுத்தியது. அசாமில் மதம் மாறியோரின் தொகை மிகக் குறைவாக இருந்தது இதற்கு வலுச்சேர்த்தது.

பிரவுன் 1855 இல் அசாமை விட்டு நீங்கினார். அதன்பின் ஒன்றியத்துடனான உறவையும் முறித்துக்கொண்டார். அமெரிக்காவில் அடிமை ஒழிப்பை வலியுறுத்திய "அமெரிக்கன் பாப்டிஸ்ட்" என்ற இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1873 இல், அசாமியத்துக்கு உரிமை கிடைத்த அதே ஆண்டில், அவர் சப்பான் சென்றார். அங்கு புதிய ஏற்பாட்டைச் சப்பானிய மொழியில் மொழிபெயர்த்து 1879 இல் வெளியிட்டார். 1886 சனவரி 1 அன்று யோகொகாமாவில் காலமானார்.

பிற்காலமும் முடிவும்

பிரவுனுக்குப் பின் சாமுவேல் விட்டிங், வில்லியம் வார்டு, ஈ. டபிள்யூ. கிளார்க், ஏ. கே. கர்னி முதலியோர் வெவ்வேறு காலங்களில் இதழையும் அச்சகத்தையும் கவனித்தனர். கர்னி 1877 இல் "காமினிகாந்த" என்ற கதைநூலை அசாமிய மொழியில் வெளியிட்டார்.

இதழ் நலிவுற்றமைக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, பணிக்களத்தின் கவனம் மலைவாழ் மக்கள் பக்கம் திரும்பியது. காரோ மலையினரிடையே 1860களிலும், நாகர்களிடையே 1870களிலும் பாப்டிஸ்ட் சபைகள் வேரூன்றின. சிப்சாகர் அச்சகப் பொறுப்புக்காக 1869 இல் வந்த கிளார்க்கே பின்னர் நாகா மலைக்குச் சென்று ஆவோ நாகர்களிடையே குடியேறினார்.

இரண்டாவது, அசாமியரே இதழ்களைத் தொடங்கினர். மாஜுலித் தீவின் ஆவுனியாட்டி சத்திரம் என்ற வைணவ மடத்தின் தலைவர் தத்ததேவ் கோஸ்வாமி அச்சுப்பொறி ஒன்றை வரவழைத்து, 1871 முதல் "அசாம் விலாசினி" என்ற இதழை வெளியிட்டார். ஒருனோதோயின் சமயக் கருத்துகளுக்கு மறுமொழி தருவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

மூன்றாவது, 1873 ஆணைக்குப் பின் அசாமிய மொழிக்கெனத் தனியே வாதாட வேண்டிய தேவை குறைந்தது.

1880 வாக்கில் ஒருனோதோய் நின்றது. சதியாவிலிருந்து ஜெய்ப்பூருக்கும் அங்கிருந்து சிப்சாகருக்கும் வந்த அச்சகம் 1883 இல் விற்கப்பட்டது. இதழ் நின்ற பின்னரும் நாட்டுப்புற மக்கள் எந்தச் செய்தித்தாளையும் "ஒருனோதோய்" என்றே அழைத்து வந்தனர் என்று கூறப்படுவதுண்டு.

மதிப்பீடு

அசாமிய மொழியைக் காத்தவர்கள் மறைப்பணியாளர்களே என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அண்மைக்கால ஆய்வாளர்கள் இதனைச் சற்று மாற்றி நோக்குகின்றனர். புரஞ்சிகளும் வைணவ இலக்கியமும் முன்பே வளமாக இருந்தன என்றும், ஆனந்தராம் போன்ற அசாமியரின் உழைப்பு இன்றி மறைப்பணியாளர்களின் குரல் தனித்து வென்றிருக்காது என்றும் அவர்கள் சுட்டுகின்றனர். வங்காளம் புகுத்தப்பட்டதற்கு வங்காள எழுத்தர்களின் சூழ்ச்சியே காரணம் என்ற பரவலான கருத்தையும் அவர்கள் முழுமையாக ஏற்பதில்லை. ஆட்சியாளர்களின் நிருவாக வசதியே முதன்மைக் காரணம் என்கின்றனர்.

மற்றொரு விளைவும் உண்டு. இதழ் சிப்சாகரில் அச்சானதால், மேல் அசாமின் வழக்கே எழுத்துமொழியின் அளவுகோலாயிற்று. கீழ் அசாமின் காமரூபி வழக்கு பின்தள்ளப்பட்டது. பழைய அசாமிய இலக்கியத்தின் பெரும்பகுதி மேற்குப் பகுதியில் தோன்றியது என்பதால், இதுகுறித்த மனக்குறை கீழ் அசாமினரிடம் பின்னரும் நீடித்தது. இதழின் உரைநடையில் ஆங்கிலத் தொடரமைப்பின் சாயல் மிகுதி என்ற குறையும் கூறப்படுகிறது.

ஆயினும் அசாமிய உரைநடை, அறிவியல் எழுத்து, இதழியல் ஆகிய மூன்றுக்கும் ஒருனோதோய் தொடக்கப்புள்ளி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1889 இல் கல்கத்தாவில் அசாமிய மாணவர்கள் தொடங்கிய "ஜோனாகி" இதழ், இங்கு உருவான உரைநடையின் மீதே தன் இலக்கிய இயக்கத்தை எழுப்பியது.

மறுபதிப்புகள்

1846 முதல் 1854 வரையிலான இதழ்களை அறிஞர் மகேஸ்வர் நியோக் தொகுத்து, அசாம் பிரகாசன் பரிசத் வாயிலாக 1983 இல் மறுபதிப்பாக வெளியிட்டார். 1855 முதல் 1868 வரையிலான கட்டுரைகளின் தொகுப்பை வரலாற்றாசிரியர் அருப்ஜோதி சைகியா 2002 இல் பதிப்பித்தார். 19 ஆம் நூற்றாண்டு அசாமின் சமூக வரலாற்றை எழுதுவோருக்கு இவை அடிப்படைச் சான்றுகளாக உள்ளன.

கால வரிசை

1826 – யாண்டபோ உடன்படிக்கை. அசாம் பிரித்தானியர் வசமாதல்
1836 – அசாமில் வங்காளம் நீதிமன்ற மொழியாதல். பிரவுன், கட்டர் சதியா வருகை
1839 – சதியா தாக்குதல், ஜெய்ப்பூருக்கு இடப்பெயர்வு
1846 – ஒருனோதோய் முதல் இதழ்
1848 – பிரவுனின் இலக்கணக் குறிப்புகளும் புதிய ஏற்பாடும்
1855 – ஆனந்தராமின் சிறுநூல். பிரவுன் அசாமை விட்டு நீங்குதல்
1867 – பிரான்சனின் அகராதி
1871 – அசாம் விலாசினி தொடக்கம்
1873 – நீதிமன்றங்களிலும் தொடக்கப் பள்ளிகளிலும் அசாமியம் மீளல்
1880 வாக்கில் – ஒருனோதோய் நிற்றல்
1883 – அச்சகம் விற்பனை
1983 – முதல் ஒன்பது ஆண்டு இதழ்களின் மறுபதிப்பு
2024 – இந்திய அரசு அசாமியத்துக்கும் வங்காளத்துக்கும் ஒரே நாளில், அக்டோபர் 3 அன்று, செம்மொழித் தகுதியை அறிவித்தல்